போச்சு என்பதும் ஒன்றுமில்லை என்பதும்

இவ்விடத்தில் நான் வழக்கமாக எழுதுவன கட்டுரைப் பயிற்சி, செய்யுளும் மொழியணியும், பெற்றோர் சந்திப்பு ஆகியவை பற்றியே. இம்முறை ஒரு பழைய வேனின் இயந்திரத்தைப் பற்றி எழுதுகிறேன். அந்த வேனை வாங்கியவர் எங்கள் பள்ளியில் பயிலும் மூன்று பிள்ளைகளின் தந்தை. மனைவியின் நகையை அடகு வைத்து, 9,500 வெள்ளி கொடுத்து வாங்கினார். வாங்கலாம் என்று சொன்னவன் நான். வாங்கிய நான்காம் வாரத்தில் அது மலைச்சாலையில் ஆவி கக்கி நின்றுவிட்டது.

என்மீது எனக்கிருக்கும் சினம் ஆறிவிடுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆறிய பின் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வாகனத்தின் ஹெட் கேஸ்கட் பற்றி எவரும் வாயால் வழங்கும் தீர்ப்பை நாம் ஏற்கக் கூடாது. "போச்சு" என்று பட்டறைக்காரர் சொல்வதையும் ஏற்கக் கூடாது. "ஒன்றுமில்லை" என்று விற்பவரோ என்னைப் போன்ற அரைகுறை நண்பரோ சொல்வதையும் ஏற்கக் கூடாது. சோதித்துக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். ஆசிரியர்களாகிய நாம் கூடுதலாகவே கூச்சப்படுகிறோம். தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளும் பழக்கம் நமக்குக் குறைவு.

இந்தப் பொருளை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். வாகன இயந்திரம் பெரும்பாலும் இரண்டு பெரும் உலோகத் துண்டுகளால் ஆனது. கீழே இருப்பது சிலிண்டர்கள் அமைந்த அடிப்பகுதி. மேலே இருப்பது அவற்றை மூடும் தலைப்பகுதி. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு தட்டு அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதுதான் ஹெட் கேஸ்கட். நல்ல தமிழ்ச்சொல் ஒன்றை நானும் தேடிப் பார்த்தேன். பட்டறையில் போய்ச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் விட்டுவிட்டேன்.

அத்தட்டின் வேலை எளியதன்று. அதன் ஒரு பக்கத்தில் எரிபொருள் எரியும்போது வெப்பம் 2,000 பாகை செல்சியசையும் தாண்டுகிறது. சில மில்லிமீட்டர் தள்ளி, 90 பாகையளவில் குளிர்விப்பு நீர் ஓடுகிறது. அதற்கும் பக்கத்தில் எண்ணெய் ஓடுகிறது. மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் அந்த மெல்லிய தட்டுதான் காக்கிறது. போதாக்குறைக்குப் பல இயந்திரங்களில் மேலே உள்ள தலைப்பகுதி அலுமினியம், அடிப்பகுதி வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. ஆகவே ஒவ்வொரு முறை இயந்திரம் சூடாகி ஆறும்போதும் அந்தத் தட்டு இரு பக்கமும் உராயப்படுகிறது. வாகனம் ஒருமுறை கடுமையாகக் கொதித்துவிட்டால் தலைப்பகுதியே வளைந்துவிடக்கூடும். அதன் பின் தட்டால் இடைவெளியை அடைக்க இயலாது.

இந்தத் தட்டு பழுதானால் என்ன நேரும் என்பது அது எவ்விடத்தில் பழுதானது என்பதைப் பொறுத்தது. எரிந்த வாயு நீருக்குள் புகலாம். நீர் சிலிண்டருக்குள் இறங்கலாம். எண்ணெயும் நீரும் கலக்கலாம். நீர் வெளியே கசியலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களுக்கு இடையே மட்டும் அழுத்தம் கசியலாம். இத்தனை வகை இருப்பதால்தான் ஒரே ஓர் அறிகுறியைப் பார்த்துவிட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது பிழையாகிறது. இதை நான் மூன்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தேன் என்பதுதான் வெட்கம்.

மூன்றாண்டுகளுக்கு முன் என் சொந்த மகிழுந்தில் நீர் குறைந்துகொண்டே வந்தது. வாரத்திற்கு ஏறக்குறைய அரை லிட்டர். கீழே சொட்டிய தடயமும் இல்லை. வழக்கமாகச் செல்லும் பட்டறையில் காட்டினேன். அங்கிருந்தவர் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். அதன் உட்புறத்தில் பாலாடை போன்று வெண்பழுப்பு நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. என்னிடம் காட்டி, "போச்சு சார். டாப் ஓவர்ஹால்தான். 2,600 ஆகும்" என்றார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது நோயறிதல்.

நான் ஒப்புக்கொண்டிருப்பேன். மாத இறுதியாக இருந்தது என்னைக் காத்தது. சம்பளம் வரட்டும் என்று காத்திருந்த வேளையில், முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தை, சிறு நகரத்தில் கடைவீட்டின் பின்புறம் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன், "கொண்டு வாங்க ஐயா, பார்ப்போம்" என்றார்.

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பைப் போன்ற கருவி ஒன்றைக் கொண்டுவந்து ரேடியேட்டரின் வாயில் பொருத்தினார். இயந்திரம் ஆறிய நிலையில், நின்ற இடத்திலேயே, ஒரு பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பத்து நிமிடத்தில் முள் தெளிவாக இறங்கியிருந்தது. திரும்பி வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து தேடினார். நீர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து நீர் வந்துகொண்டிருந்தது. ஓடும்போது அந்நீர் சூட்டில் உலர்ந்துவிடும். அதனால்தான் தரையில் தடயமில்லை. பம்பை மாற்ற 280 வெள்ளி ஆயிற்று.

அப்படியானால் மூடியில் இருந்த பாலாடை? "உங்க வீடு பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரம் ஐயா?" என்று கேட்டார். மூன்று கிலோமீட்டர். அவ்வளவு குறுகிய ஓட்டத்தில் எண்ணெய் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் மூடியின் குளிர்ந்த உட்புறத்தில் படிந்து, எண்ணெயோடு கலந்து அப்படித் தோன்றுகிறது. மூடியைத் துடைத்துவிட்டு ஈப்போ வரை சென்று வந்து பாருங்கள் என்றார். சென்று வந்தேன். படியவில்லை.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு சொல். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அத்தேர்வுக்காக அறிவியல் செயற்பாங்குத் திறன்களை நாம் எத்தனை ஆண்டுகள் பலகையில் எழுதி எழுதிக் கற்பித்தோம்! உற்றறிதல் என்பது ஐம்புலன்களால் அறிவது. ஊகித்தல் என்பது உற்றறிந்ததற்குக் காரணம் கூறுவது. இரண்டையும் குழப்பிய மாணவனுக்கு நாம் ஒரு புள்ளிகூடக் கொடுத்ததில்லை. "மூடியில் வெண்படிவம் உள்ளது" என்பது உற்றறிதல். "ஹெட் கேஸ்கட் பழுது" என்பது ஊகம். ஒரே உற்றறிதலுக்குப் பல ஊகங்கள் இருக்கலாம் என்பதையும் நாம்தான் கற்பித்தோம். அந்த ஊகத்திற்கு 2,600 வெள்ளி கொடுக்க இருந்தவனும் அதே ஆசிரியன்தான்.

இந்த அனுபவத்தால் நான் திருந்தினேன் என்று எண்ணிவிடாதீர்கள். தலைக்கனம் ஏறியது. அதன் பின் ஆசிரியர் அறையில் யாராவது வாகனம் சூடாகிறது என்றால், "பட்டறையில் ஹெட் கேஸ்கட் என்று ஏமாற்றுவார்கள், நம்பாதீர்கள்" என்று நானே மருத்துவனாகிவிடுவேன். ஒரே ஒரு நோயாளியைப் பார்த்த மருத்துவன்.

இப்போது வேனுக்கு வருகிறேன். அத்தந்தை தொழிற்சாலை வேலையை விட்டு, இரவுச் சந்தையில் காய்கறி விற்கத் தொடங்கியிருந்தார். கேமரன் மலையில் கம்போங் ராஜா வரை சென்று நேரடியாகக் கொள்முதல் செய்தால் இலாபம் நிற்கும் என்பது அவர் கணக்கு. அதற்கு ஒரு வேன் தேவைப்பட்டது. காலையில் பிள்ளைகளையும் அதிலேயே பள்ளிக்குக் கொண்டுவந்துவிடலாம். "ஐயா, உங்களுக்கு வண்டி விசயம் தெரியும்னு பையன் சொன்னான். கூட வந்து ஒரு பார்வை பாருங்க" என்று அழைத்தார். பெருமையாக இருந்தது. போனேன்.

அன்று நான் கண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். வாசிப்பவர்கள் என்னைவிட விரைவாகக் கண்டுகொள்வீர்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இயந்திர மூடியைத் தொட்டால் சுட்டது. "நீங்க வர்றீங்கன்னு எஞ்சின் போட்டு வச்சேன்" என்றார் விற்பவர். நல்ல மனிதர், நம் நேரத்தை மிச்சப்படுத்துகிறார் என்று நினைத்தேன். எண்ணெய் மூடியில் இலேசான வெண்படிவம் இருந்தது. அதுதான் எனக்கு முன்பே தெரியுமே. குறுகிய ஓட்டம் என்று விளக்கம் கொடுத்தேன். உபரி நீர்க்கலனில் நீர் பழுப்பாக இருந்தது. செம்பு நிறத்தில் சிறு துகள்கள் மின்னின. வெறும் குழாய்நீர் ஊற்றியிருக்கிறார்கள், துருப்பிடித்திருக்கிறது என்றேன். பழைய ரேடியேட்டரின் மேல் மூடி மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. பராமரித்திருக்கிறார் என்று பாராட்டினேன். புகைக்குழாயில் வெண்புகை இல்லை. ஊரைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டினோம். வெப்பமானி முள் நடுவிலேயே நின்றது. உரிமை மாற்றத்திற்கான பரிசோதனையிலும் தேறியது. அந்தப் பரிசோதனை வாகனம் இன்னதுதானா, சாலைக்குத் தகுதியானதா என்று பார்ப்பது. நீர் எங்கே போகிறது என்று பார்ப்பதற்கானதன்று.

ஐந்து உற்றறிதல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல விளக்கம் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு விளக்கமும் தனித்தனியே உண்மையாக இருக்கக்கூடியதுதான். ஐந்தையும் சேர்த்துப் பார்க்க நான் முயலவில்லை. வாகனத்தை விற்க வேண்டும் என்று விற்பவர் நினைத்ததைவிட, என் பழைய கதை மீண்டும் உண்மையாக வேண்டும் என்று நான் அதிகம் விரும்பியிருக்கிறேன் போலும்.

நான்காம் வாரம், சிம்பாங் பூலாய் வழியாக மலையேறும் சாலையில், பாதித் தொலைவில் முள் சிவப்புக்குப் போனது. அவர் உடனே ஓரங்கட்டி நிறுத்தினார். நல்லவேளையாக ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. பிள்ளைகள் வைத்திருக்கும் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. அந்த மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால்தான் 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர் ஏறக்குறைய 120 பாகை வரை கொதியாமல் இருக்கிறது. திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். நீர் முழுவதும் முகத்தில் கொதித்தெழும்.

இழுவை வண்டியில் வேன் இறங்கி வந்தது. நான்தான் அந்த அண்ணனின் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அவர் இம்முறை வேறொரு கருவியை எடுத்தார். ஒரு கண்ணாடிக் குழாய். அதில் நீலநிறத் திரவம். மேலே ரப்பர்க் குமிழ். ரேடியேட்டரில் நீர்மட்டத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு, அதன் வாயில் குழாயைப் பொருத்தினார். இயந்திரத்தை ஓடவிட்டு, குமிழை அழுத்தி அழுத்தி, நீருக்கு மேலுள்ள காற்றைத் திரவத்தின் வழியே இழுத்தார். இரண்டு நிமிடத்திற்குள் நீலம் பச்சையாகி, மஞ்சளானது.

அறிவியல் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. அத்திரவம் புரோமோதைமால் நீலம் போன்ற ஒரு காட்டி. நாம் பயன்படுத்தும் லிட்மஸ் தாளின் உறவினன். எரிந்த வாயுவில் கரியமிலவாயு இருக்கிறது. அது நீரில் கரைந்தால் மென்மையான அமிலம். அமிலம் பட்டால் நீலம் மஞ்சளாகிறது. குளிர்விப்பு நீருக்கு மேலே உள்ள காற்றில் அவ்வளவு கரியமிலவாயு இருக்க வேண்டிய தேவையே இல்லை. சிலிண்டரிலிருந்து கசிந்தால் ஒழிய. திரவம் கெட்டுப்போனதா என்று எனக்கு ஐயம் வந்ததைக் கண்டு, அவர் குமிழால் வெளிக்காற்றை இழுத்துக் காட்டினார். மெல்ல மீண்டும் நீலமாயிற்று. பிறகு நம் மூச்சை அதில் செலுத்தினால் மறுபடி மஞ்சளாகும் என்றார். ஓர் அறிவியல் பாடமே அங்கு நடந்துகொண்டிருந்தது. கற்பித்தவர் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர்.

அதன் பிறகே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தார். நான்கில் இரண்டும் மூன்றும் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தன. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால் அவற்றுக்கு இடையே உள்ள தட்டின் மீதுதான் முதல் ஐயம். இரு வேறு சோதனைகள் ஒரே இடத்தைக் காட்டிய பின்தான் "கழற்றலாம்" என்றார். அவருக்கு அது மலையில் நின்ற கதையைக் கேட்டபோதே தெரிந்திருக்கும். ஆயினும் சொல்லவில்லை.

கழற்றிய தலைப்பகுதியின் குறுக்கே நேர்விளிம்புச் சட்டம் ஒன்றை வைத்து, இடைவெளியில் மெல்லிய அளவுத்தகட்டைச் செருகிக் காட்டினார். 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய வளைவு 0.12 இருந்தது. நீர் செல்லும் துளைகளில் செம்புத் துகள் கலந்த பசை இறுகிக் கிடந்தது. கசிவை அடைக்கக் கடைகளில் விற்கும் திரவம் அது. நான் துரு என்று சொன்ன பொருள். முன்பிருந்தவர் அதை ஊற்றி, புது மூடி போட்டு, முன்கூட்டியே இயந்திரத்தைச் சூடாக்கி வைத்திருக்கிறார். குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பியிருந்தால், சிலிண்டரில் இறங்கிய நீரால் முதல் சில நொடிகள் அது திணறியிருக்கும். அதை நாங்கள் பார்க்கக் கூடாது என்பதே அந்த நல்ல மனிதரின் உபசாரம். அவர் வணிகர் அல்லர், தனிமனிதர். பயனீட்டாளர் நடுவர் மன்றம் வணிகரிடம் வாங்கியவர்களுக்கு உதவுவது. இவருக்கு அந்த வழியும் இல்லை.

தலைப்பகுதியைக் கடைந்து சமப்படுத்த, புதுத் தட்டு, புதிய போல்ட்டுகள், ரேடியேட்டரைக் கழுவுதல், கூலி எல்லாம் சேர்த்து 3,100 வெள்ளி. பழைய போல்ட்டுகளையே போடலாமே என்று கேட்டேன். இவ்வகைப் போல்ட்டுகள் முறுக்கும்போதே சற்று நீண்டுவிடும்படி செய்யப்பட்டவை, மறுமுறை அதே பிடிப்பைத் தரா என்றார். நான் இனி அதிகம் கேள்வி கேட்காமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது.

பாதித் தொகையை நான் தருகிறேன் என்று அத்தந்தையிடம் சொன்னேன். "நீங்க சொன்னதுனாலயா வாங்கினேன்? எனக்கே பிடிச்சிருந்துச்சு ஐயா" என்றார். அது பொய். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். திட்டியிருந்தால் சுமை குறைந்திருக்கும்.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? முந்தைய நாளே விற்பவரிடம், நாங்கள் வரும்வரை இயந்திரத்தைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். காலையில் போய் மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் திரும்பிவிட்டு மறுநாள் வந்திருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டரைத் திறந்து நீர்மட்டத்தையும் நிறத்தையும் பார்த்திருக்க வேண்டும். மூடியை இட்டு, கிளப்பிய உடனே மேல் ரப்பர்க் குழாயைக் கையால் பிடித்திருக்க வேண்டும். நீர் இன்னும் சூடேறாத முதல் ஓரிரு நிமிடத்திலேயே குழாய் கல்லைப் போல் இறுகினால், அது வெப்பத்தின் அழுத்தம் அன்று. எரிந்த வாயுவின் அழுத்தமாக இருக்கலாம். பத்து நிமிடம் ஊர் சுற்றியது போதாது. மேடேறும் சாலையில் அரைமணி நேரமாவது ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, நீர் குறைந்ததா என்று மீண்டும் பார்த்திருக்க வேண்டும். இவற்றுக்குப் பின்னும் வாங்கும் எண்ணம் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன், அந்த நீலத் திரவச் சோதனையையும் அழுத்தச் சோதனையையும் விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பட்டறையில் செய்திருக்க வேண்டும். அண்ணன் அவ்விரண்டுக்கும் என்னிடம் வாங்கியது 80 வெள்ளி.

இதற்கு விற்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று சிலர் சொல்வீர்கள். ஒப்புக்கொள்ளாதது ஓர் உற்றறிதல். அதையும் குறித்துக்கொள்ளலாம்.

அனுபவமுள்ள போமனுக்குப் பார்த்தாலே தெரியும், சோதனை எல்லாம் எதற்கு என்ற வாதமும் உண்டு. அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும் என்பதை அனுபவம்தான் சொல்கிறது. ஆனால் இயந்திரத்தைப் பிரிக்க அது மட்டும் போதாது. என் மகிழுந்தைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னவருக்கும் இருபதாண்டு அனுபவம் இருந்தது. மாணவனின் முகத்தைப் பார்த்தே அவன் எந்தக் குழு என்று சொல்லிவிடும் நம் பழக்கமும் இங்கே நினைவுக்கு வருகிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

சோதனையும் தவறலாம் என்பதை மறைக்கக் கூடாது. சில கசிவுகள் இயந்திரம் முழுச் சூட்டில், சுமையோடு ஓடும்போது மட்டுமே திறக்கும். நின்ற இடத்தில் சோதித்தால் நீலம் நீலமாகவே இருக்கும். நீர் வெளிப்பக்கமாக மட்டும் கசிந்தாலும், எண்ணெய்ப் பாதைக்குள் கசிந்தாலும், இத்திரவத்திற்குத் தெரியாது. ஆகவே மஞ்சளானால் பெரும்பாலும் உறுதி. நீலமாகவே இருந்தால் விடுதலைத் தீர்ப்பு அன்று. அதனால்தான் ஒன்றுக்கு இரண்டு சோதனை.

இணையத்தில் தேடிப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இவ்விடயத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. இருக்கைப் பக்கம் வெப்பக்காற்று வரவில்லையா என்று பார் என்பார்கள்; நாம் வெப்பக்காற்றைப் போட்டதே இல்லை. புகையில் இனிப்பு மணம் வரும் என்பார்கள். அது முறையான கூலண்டில் உள்ள கிளைக்கோலின் மணம். வெறும் குழாய்நீர் ஊற்றிய வேனில் எந்த மணமும் வராது. வெண்புகையைப் பார் என்பார்கள். நம் ஊர் வெயிலில் நீராவி குழாயை விட்டு வெளிவந்ததும் மறைந்துவிடுகிறது. வெண்புகை இல்லை என்று நான் அன்று மனநிறைவு அடைந்தது ஒரு நண்பகல் வேளையில். அதே வேனை அதிகாலையில் கேமரன் மலையில் நிறுத்திப் பார்த்திருந்தால் வேறுவிதமாகத் தெரிந்திருக்கலாம்.

சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், யார் வேன் என்று சொல்லாமல், அந்த ஐந்து உற்றறிதல்களையும் பலகையில் எழுதி, ஊகம் கூறுங்கள் என்றேன். "இயந்திரம் முன்னரே ஓட்டப்பட்டிருக்கிறது" என்றாள் ஒரு மாணவி. சரி என்றேன். "ஏன் ஐயா முன்னரே ஓட்ட வேண்டும்?" என்றாள். நான் அன்று விற்பவரிடம் கேட்காத கேள்வி அதுதான்.

தலைப்பகுதி கடைசலுக்குப் போயிருக்கிறது. திரும்பி வர வெள்ளிக்கிழமை ஆகும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதுவரை காய்கறி வியாபாரம் இல்லை. பிள்ளைகள் மூவரும் காலை 6.30க்குச் சந்திப்பில் காத்திருக்கிறார்கள்; என் மகிழுந்தில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். இளையவன் முன் இருக்கைக்கு அடம் பிடிக்கிறான். அவர்கள் வீட்டு வழியாகச் சுற்றிப் போவதால் இப்போது ஓட்டம் பதினேழு கிலோமீட்டர் ஆகிவிட்டது. நேற்று எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது.